கதை வரவில்லை, வேறொன்று வருகிறது. அதன் பின்னால் போகலாமா?

கொக்குவில் வாசகி:

இங்கே எழுதுகிறவர்கள் கனபேர் இருப்பதால் கேட்கிறேன். நான் சிறுகதை எழுதுகிறவள். வார இதழ்களிலும் இரண்டு மூன்று சிற்றிதழ்களிலும் வந்திருக்கின்றன, ஒரு தொகுப்பும் போட்டாயிற்று. போன மாரிக்குப் பிறகு ஒரு கதையும் நகரவில்லை. கரு இல்லாமல் இல்லை. முதல் பந்தி சுலபமாக வருகிறது, பிரச்சினையே அதுதான். காணாமல் போன ஒருவர், சுவரில் ஒரு படம், படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய். முடிவு என்னவென்று எனக்கு முன்பே தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும்.

போரையும் கலவரத்தையும் நினைவுகூரும் மாதங்களில், மே வந்தால் ஒரு போன் வரும், யூலையில் ஒன்று, நவம்பரில் இன்னொன்று. "நாளுக்கு ஏற்ற மாதிரி ஒரு கதை தாங்கோ." அந்தத் துயரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஓடருக்குத் தைத்துக் கொடுப்பதுபோல அதை எழுதி எழுதி, இப்போது என்னுடைய வசனத்தை வாசிக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வேறு மாதிரி ஒன்று அனுப்பினேன். "நல்லாயிருக்கு, ஆனா உங்களிட்ட ஆக்கள் இதை எதிர்பார்க்கேல்லை" என்று திரும்பி வந்தது.

இதற்கிடையில் நடந்தது இன்னொன்று. அம்மப்பா இளவயதில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். அங்கே எல்லோரும் சுருட்டுச் சுற்ற, ஒருவர் இருந்து பத்திரிகையும் கதைப் புத்தகமும் சத்தமாக வாசிப்பாராம். குரல் நல்லது என்பதால் சில காலம் அம்மப்பாதான் வாசித்தவர். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்காகச் சும்மா எழுதத் தொடங்கினேன். பிறகு கோண்டாவிலில் இருக்கும் அவருடைய பழைய கூட்டாளிகளிடம் போய்க் கேட்டேன். எழுதினால் பொழுது பட்டதே தெரிவதில்லை. கதாபாத்திரம் இல்லை, திருப்பம் இல்லை, முடிவும் இல்லை. இதை எழுத்து என்று சொல்லலாமா, இல்லை கதையிலிருந்து தப்பி ஓடுகிறேனா? பாதியில் நிற்கிற ஒரு நாவலும் இருக்கிறது, பதிப்பகத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

வடலிக்காரன்:

நாவலை முடியுங்கள் அக்கா. பாதியில் அலுப்பு வராத நாவல் கிடையாது. அலுப்பு வந்த உடனே புதிசாக ஒன்று மினுங்கும், அதன் பின்னால் போனால் அங்கேயும் பாதியில் இன்னொன்று மினுங்கும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்படியே கவிதையிலிருந்து குறும்படத்துக்கும் குறும்படத்திலிருந்து யூடியூப்புக்கும் போய், இப்போது ஒன்றும் செய்வதில்லை, முகநூலில் சண்டை மட்டும் பிடிக்கிறார்கள். தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மப்பா எங்கேயும் போய்விட மாட்டார்.

தெல்லிப்பழைத் தாதி:

வடலிக்காரன் தம்பி, அந்தக் கடைசி வசனம் சரியில்லை. சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர் என்றால் அவருக்கு இப்போது என்ன வயது என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கச்சி, நான் எழுத்தாளர் இல்லை, ஆனால் இந்தக் களைப்பை வேலையிடத்தில் தினமும் பார்க்கிறவள், அந்தக் கோணத்தில் சொல்கிறேன். பேர்ன்அவுட் என்கிற இந்த வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் நோயாகச் சேர்க்கவில்லை, வேலையோடு வருகிற ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையில் ஒரு விலகலோ வெறுப்போ வருவது, என்னால் ஒன்றும் உருப்படியாக ஆகாது என்ற எண்ணம். நீங்கள் எழுதியதில் இரண்டாவதுதான் தூக்கலாகத் தெரிகிறது. முதலாவது அவ்வளவு இல்லை, சக்தி வற்றின ஆள் கோண்டாவிலுக்குப் போய்க் கிழவர்களைத் தேடிப் பிடித்துக் கதைக்க மாட்டாள். ஆகவே நீங்கள் எழுத்தில் களைக்கவில்லை, அந்த ஓடரில் களைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நித்திரை குழம்பி, சாப்பாடு பிடிக்காமல், முன்பு பிடித்தது எதிலுமே மனம் போகாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அது வேறு விசயம். அப்போது திசை மாறுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் எங்கள் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு போனும் எடுக்கலாம். காணாமல் போனவர்களைப் பற்றியே வருடக்கணக்காக எழுதினவருக்கு அது உள்ளே இறங்கியிருக்கும், அதைச் சின்ன விசயமாக நினைக்க வேண்டாம்.

பழைய மல்லிகை வாசகன்:

பிள்ளை, இது எழுத்தா என்ற கேள்வியை முதலில் விடுங்கோ. நீங்கள் இருக்கிற கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கத்தைப் பாருங்கோ. முதல் தொகுப்பு 'அக்கா' 1964இல் வந்தது, அடுத்தது 'திகடசக்கரம்' 1995இல். நடுவில் முப்பது வருடம். அது களைப்பால் வந்த இடைவெளி என்று நான் சொல்லவில்லை, உத்தியோகமும் நாடு நாடாகப் போன சீவியமும். ஆனால் திரும்பி வந்தவர் சிறுகதையோடு நிற்கவில்லை. கட்டுரை, நேர்காணல் என்று எழுதினார். அவருடைய சில கட்டுரைகளைக் கதை என்று சொல்லித் தந்தாலும் நம்பித்தான் வாசிப்போம். டொமினிக் ஜீவா சிறுகதைக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினவர். 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கின பிறகு அவருடைய உழைப்பில் பெரும்பகுதி மற்றவர்கள் எழுதியதை அச்சாக்கிக் கையில் கொண்டுபோய் விற்பதில் போனது. அவர் எழுத்தை விட்டு ஓடினார் என்று யாழ்ப்பாணத்தில் யாராவது சொல்வார்களா?

அடுத்தது கொட்டில் விசயம். எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. கோடாப் போட்டுப் பதப்படுத்தின புகையிலையின் வாசம், காம்பு கிழிக்கிற சின்னப் பெடியன்கள், நடுவில் ஒருவர் குரலெடுத்து வாசிக்க எல்லோரும் காது கொடுத்துக் கேட்பது, இது எழுதத் தொடங்கினால் தானாக வடிவாக, அழகாக வரும். அந்த வடிவு உங்களை விழுத்தும். மே மாதத்துக் கதைக்குப் பதிலாக "அந்தக் காலத்து யாழ்ப்பாணம்" என்ற கதைக்கு ஓடர் வரத் தொடங்கும், வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனத்துக்கு அது நல்லாய்ப் பிடிக்கும். பிறகு அதிலும் களைப்பீர்கள்.

ஆகவே அம்மப்பாவிடம் வடிவில்லாத கேள்விகளைக் கேளுங்கோ. ஆயிரம் சுருட்டுக்கு எவ்வளவு கூலி? முதலாளி எப்போது காசைப் பிடித்து வைத்தார்? வாசிக்கிறவருடைய கூலியை யார் கொடுத்தது? கொட்டிலில் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கலாம், யாருக்கு வேறு பாத்திரத்தில் தண்ணி? எந்தப் பத்திரிகையை வாசிக்கக் கூடாது என்று முதலாளி சொன்னார், கட்சிக்காரர்கள் எப்போது உள்ளே வந்தார்கள்? சுருட்டு தெற்கே போய் விற்றது, அங்கே கடை வைத்திருந்த எங்கட ஆட்களுக்குக் கலவரங்களில் என்ன நடந்தது? இதற்கெல்லாம் பதில் வந்தால் உங்களிடம் இருப்பது குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போடுகிற சாமான் இல்லை.

வடலிக்காரன்:

வயது விசயம் தாதி அக்கா சொன்னது சரி. மற்றபடி நாவல் பற்றி நான் சொன்னதில்தான் நிற்கிறேன். கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குத்தான்.

கொக்குவில் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா, நித்திரை நன்றாக வருகிறது, சாப்பாடு கூடிப்போயிற்று என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் சொன்ன இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தண்ணிப் பாத்திரக் கேள்வியை நேற்று அம்மப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அதையெல்லாம் ஏன் இப்ப கிண்டுறாய்" என்றார். விட்டுவிட்டேன். இரவு சாப்பிடும்போது அவராகவே இரண்டு பேருடைய பெயரைச் சொன்னார். இவ்வளவு காலமும் அவர் சொன்ன கொட்டில் கதைகளில் அந்தப் பெயர்கள் வந்ததே இல்லை. என்னுடைய பழைய பழக்கம் உடனே அதை ஒரு சிறுகதையாக்கப் பார்த்தது, முதல் வரிகூட வந்துவிட்டது. எழுதாமல் விட்டேன். அந்த இருவருடைய குடும்பமும் எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்காமல் அம்மப்பாவின் பக்கத்தை மட்டும் எழுதினால் அது அரைவாசி.

வடலிக்காரன் தம்பி, பதிப்பகத்தோடு கதைத்தேன். கோபித்தார்கள், பிறகு சரி என்றார்கள். நாவலை எரிக்கவில்லை, இந்த வேலை முடியும் வரை ஒதுக்கி வைக்கிறேன், திரும்பி வருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மே மாதத்துக்குக் கதை கேட்டவரிடம் இந்த முறை இல்லை என்று சொல்லியாயிற்று.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது, இவர்கள் கதைப்பதைப் போனில் பதிந்தால் காணுமா, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

ஆவணக்காரன்:

போன் காணும். சட்டைப்பையில் வைக்காமல் அவருக்குக் கிட்ட ஒரு துணியின் மேல் வையுங்கள், மேசையில் நேரே வைத்தால் தட்டுகிற சத்தம் எல்லாம் விழும். பறக்கிற மோட்டில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். காற்றாடியை நிறுத்துங்கள், புழுங்கினாலும் பரவாயில்லை. தொடக்கத்தில் யார், எங்கே, என்ன திகதி என்று நீங்களே குரலில் சொல்லுங்கள், இதைப் பதிந்து பிறகு மற்றவர்களுக்கும் கேட்கக் கொடுக்கலாமா என்று அவரிடமும் கேட்டு அந்தப் பதிலையும் பதியுங்கள். வெளியே விட வேண்டாம் என்று அவர் சொல்கிற பகுதியை வேறாகப் பிரித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள், போன் போனால் எல்லாம் போகும், இரண்டு இடத்தில் பிரதி இருக்க வேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகம், பத்திரிகைகளோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது, அவர்களோடு கதைத்துப் பாருங்கள். இன்னொன்று, அந்த வீடுகளில் பழைய பத்திரிகைக் கட்டு, கொட்டில் கணக்குக் கொப்பி ஏதாவது பரணில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் அளவான நூல்கள் எரிந்தன, அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். அதனால் கொட்டிலில் வாசித்த பத்திரிகையை இன்றைக்குத் தேடினால் எல்லா இதழும் கிடைக்காது. கொப்பி கிடைத்தால் துடைக்கிறேன் என்று ஈரத்துணியைக் கொண்டு போகாதீர்கள், அப்படியே படம் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருப்பேன், தனிமடலில் சொன்னால் ஸ்கானரோடு வருகிறேன்.