ஜபல்ஜாரி என்பது குடும்பப் பெயரா? பூர்வகுடி ஓவியம் வாங்கும் முன் சில சந்தேகங்கள்

வைகறை:
மெல்பர்னில் ஒரு கடையில் 91 × 61 செ.மீ. அளவில் ஒரு புள்ளி ஓவியம் விலைக்கு இருக்கிறது. ஓவியர் பெயர் 'ஜபல்ஜாரி' என்று முடிகிறது. அதனால் புகழ்பெற்ற பூர்வகுடி ஓவியர் கிளிஃபர்ட் பாஸம் ஜபல்ஜாரியின் மகன் என்கிறார்கள். சான்றுக்கு, ஓவியர் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்று. இது போதுமா? இன்னொரு கேள்வி: கார்டன் பென்னட் போன்ற ஓவியர்கள் 'அபாரிஜினல் (பூர்வகுடி) ஓவியர்' என்ற அடைமொழியே வேண்டாம் என்றார்கள். அப்படியிருக்க, வாங்குகிறவர் மட்டும் அடையாளம் பார்ப்பது சரியா?

கித்தான்:
முதலில் பெயர். ஜபல்ஜாரி குடும்பப் பெயர் இல்லை, உறவுப் பிரிவின் பெயர். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பிந்துபி, வார்ல்பிரி மக்களிடம் இப்படி எட்டுப் பிரிவுகள் உண்டு. யார் யாருக்கு என்ன முறை, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் இதை வைத்துத்தான். ஆண்பெயர் 'ஜ'வில் தொடங்கும், பெண்பெயர் 'ந'வில். ஜபல்ஜாரியின் தங்கை நபல்ஜாரி. அப்பாவின் பிரிவு பிள்ளைக்கு வராது: ஜபல்ஜாரியின் மகன் ஜுங்குராயி, மகள் நுங்குராயி. கிளிஃபர்டின் மகள்கள் கேப்ரியெல்லா, மிஷெல் இருவருமே ஓவியர்கள். இருவரும் பாஸம் நுங்குராயி என்றே கையெழுத்திடுகிறார்கள். கடைக்காரர் சொல்லும் உறவு அந்தப் பெயராலேயே அடிபடுகிறது.

போட்டோவை நம்பாதீர்கள். அவர் அந்தப் படத்தைக் கையில் பிடித்தார் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. வரைந்துகொண்டிருக்கும்போது எடுத்த படங்கள் இருந்தால் கொஞ்சம் மதிப்பு உண்டு. 1999-இல் கிளிஃபர்டே தன் பெயரில் விற்பனைக்கு வந்த படங்களைப் பார்த்து, பல தன்னுடையவை அல்ல என்று அடையாளம் காட்ட வேண்டியிருந்தது.

கித்தானின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவியர்களே உரிமையாளர்களாக இருக்கும் கலை மையத்திலிருந்து வந்திருந்தால் பதிவு எண் இருக்கும். மத்தியப் பாலைவனத்து ஓவியர்கள் 1972-இல் தொடங்கிய பாப்புன்யா துலா என்ற மையத்தின் எண்ணில் முதல் இரண்டும் ஓவியரின் பெயரெழுத்து, பிறகு ஆண்டு, மாதம், வரிசை. எழுத்துகளுக்கு அடுத்து 1005 என்றிருந்தால் 2010 மே. அந்த எண்ணையும் முன்பக்க, பின்பக்கப் படங்களையும் மையத்துக்கே மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். கடைக்காரர் அச்சடித்த சான்றிதழைவிட மையத்தின் பதிவேடுதான் பெரிது.

செல்வி_ஆர்:
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 'அபாரிஜினல்' என்பது ஓவியப் பாணியின் பெயர் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெளியுலகம் அறிந்த புள்ளி ஓவியம் 1971-இல் பாப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பில் பலகையில் அக்ரிலிக் கொண்டு வரையத் தொடங்கியபோது வளர்ந்தது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலத்து மரப்பட்டை ஓவியத்தில் புள்ளி அல்ல, மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள்தான் உயிர். பூர்வகுடிக் கலைஞர் ஆர்ச்சி மூர் 2024 வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது வென்ற படைப்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது: கருஞ்சுவர் முழுக்கச் சாக்பீஸால் எழுதிய வம்சாவளி, நடுவே நீர்த்தொட்டி, அதன் மேல் காவலில் நடந்த மரணங்களின் விசாரணை அறிக்கைகள் அடுக்கடுக்காக. பென்னட் மறுத்தது தன் வேரை அல்ல. அந்த ஒரு சொல்லுக்குள் தன் வேலை முழுவதையும் அடைத்துப் படிப்பதைத்தான் மறுத்தார். ஜான் சிட்டிசன் என்ற பெயரிலும் படம் வரைந்து காட்டினார்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேறு: எந்த நிலத்தின் புனிதக் கதை, அதை வரைய இவருக்கு உரிமை உண்டா? பூர்வகுடியாகவே இருந்தாலும் அடுத்தவர் நிலத்துக் கதையை வரைய முடியாது. மில்புருரு வழக்கை நினைவில் வையுங்கள். ஓவியர்களின் படங்களை அனுமதியில்லாமல் வியட்நாமில் கம்பளமாக நெய்து விற்றார்கள். புனிதக் கதை காலடியில் மிதிபட்டதற்குத் தங்கள் சமூகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஓவியர்கள்தான். 1994-இல் நீதிமன்றம் 1,88,000 டாலர் இழப்பீடு விதித்தபோது இந்தப் பண்பாட்டுக் கேட்டையும் கணக்கில் எடுத்தது.

பட்டைமரம்:
கித்தானிடம் ஒரு மாறுபாடு. கலை மைய எண் இல்லாததெல்லாம் போலி ஆகிவிடாது. புகழ்பெற்ற பூர்வகுடி ஓவியர் எமிலி காமே குங்வார்ரேயே பல வியாபாரிகளுக்கு வரைந்து கொடுத்தவர். 1994-இல் அவர் வரைந்த 'பூமியின் படைப்பு' 2017-இல் 21 லட்சம் டாலருக்குப் போனது. அத்தகைய படத்துக்கு, முதலில் வாங்கியவரிடமிருந்து இன்றுவரை யார் கை மாறியது என்ற ரசீதுத் தொடர் இடையில் அறாமல் இருக்க வேண்டும்.

மறுவிற்பனை என்றால் இதையும் கேளுங்கள்: கலை வியாபாரி வழியாக 1,000 டாலரோ அதற்கு மேலோ விலை போனால் 5 சதவீதம் ஓவியருக்கு, அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை வாரிசுக்குச் சேர வேண்டும். விற்பவர் 2010 ஜூன் 9-க்கு முன்பே வாங்கியிருந்தால் அந்த ஒரு விற்பனைக்கு மட்டும் விலக்கு. இந்தக் கேள்விக்கு மழுப்புகிற கடையில் வாங்காதீர்கள்.

வைகறை:
நன்றி. பின்பக்கம் எண் இல்லை, ரசீதுத் தொடரும் இல்லை. இதை விட்டுவிடுகிறேன். மையத்தில் நேரடியாக வாங்கினால் சுருட்டி அனுப்புவார்களாமே, படம் கெடாதா?

கித்தான்:
அக்ரிலிக் என்றால் கெடாது. ஆனால் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே மடிந்தால் தடித்த புள்ளிகள் நசுங்கி வெடிக்கும். வந்ததும் பிரித்துவிடுங்கள். காவிமண்ணையே வண்ணமாக்கி வரைந்ததைச் சுருட்டவே கூடாது, பொடி உதிரும்.