வண்டு மாத்திரை வாயு நெஞ்சுக்குள் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி – புறக்கோட்டை ஸ்டோர்
நாலாம் குறுக்குத்தெருப் பக்கம் அரிசி, பருப்பு ஸ்டோர். மூட்டைகளைப் படங்கால் மூடி வண்டு மாத்திரை, அதாவது அலுமினியம் பொஸ்பைட் மாத்திரை, வைப்பதற்குப் பழகிய ஆட்கள்தான் வருகிறார்கள். ஆனால் படங்கு கிழிந்து மூட்டை தூக்கும் நாட்டாமி ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது? மேல்மாடியில் பிள்ளைகளோடு ஒரு குடும்பமும் இருக்கிறது. பால் பருக்கு என்கிறார் ஒருவர், தண்ணியால் கழுவு என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில் – புகையூட்டல்
விழுந்தவரைப் பார்த்ததும் அவரைத் தூக்க உள்ளே ஓடக்கூடாது, அதுதான் முதல் வேலை. இந்த வாயுவில் இரண்டாவதாகச் சாகிறவர் தூக்கப் போனவர்தான். 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரம் பட்டுச் சிதைந்து 1 கிராம் பொஸ்பீன் வாயு விடும். பத்தடி நீளம், அகலம், உயரமுள்ள அறைக்குள் அது ஏறத்தாழ 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு). எட்டு மணித்தியால வேலைக்கு விடும் அளவு 0.3 மட்டும்தான். இரண்டு மாத்திரை என்றால் 50, உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு. துணி மாஸ்க், ஈரத் துவாய், கொவிட் மாஸ்க் ஒன்றும் தடுக்காது. பொஸ்பீனுக்கென்ற வடிகட்டி போட்ட முழுமுக மாஸ்க்கும் 15 பிபிஎம் வரைதான். அளவு தெரியாத இடத்துக்குக் மூச்சுக்கான காற்று உருளையை மாட்டிக்கொண்டு வருகிறவர்தான் போக வேண்டும். அம்புலன்ஸ் 1990க்கும் தீயணைப்பு 110க்கும் எடுத்து, "வண்டு மாத்திரை வாயு, ஆள் உள்ளே" என்று சொல்லுங்கள். வெளியில் நின்றபடி திறக்கக்கூடிய கதவு இருந்தால் அகலத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.

உள்ளி அல்லது அழுகிய மீன் மணம் வரும் என்பார்கள். மணம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று நம்பவே வேண்டாம்.

மாத்திரைக்கோ அது சிதைந்து மிஞ்சும் சாம்பல் தூளுக்கோ தண்ணி ஊற்றக்கூடாது. வாயு ஒரேயடியாகக் கிளம்பித் தீயும் பிடிக்கும்.

பதில் – அவசரப் பிரிவுத் தாதி
வெளியே கொண்டுவந்த பிறகு: காற்றோட்டமான இடத்தில் இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். நடக்க விடாதீர்கள், நெஞ்சுக்கு வேலை கூடக்கூடாது. மயக்கமாக இருந்து மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் நெஞ்சு அமுக்கம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அம்புலன்ஸ் வரும்வரை விடாமல்.

உடுப்பில் தூள் பட்டிருந்தால் திறந்த வெளியில் உதறித் தட்டி, கழற்றிவிட்டு, அதன் பிறகுதான் தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தாராளமாகத் தண்ணி. அந்த உடுப்பைப் பையில் கட்டி ஓட்டோவுக்குள் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வாயு அங்கேயும் கிளம்பும்.

பாலால் ஒரு பயனும் இல்லை, வாயு வயிற்றில் இல்லை. மயக்கத்தில் பருக்கினால் நெஞ்சுக்குள் இறங்கும். சத்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மாத்திரை டின்னின் லேபலைப் போனில் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள்.

பதில் – மருந்தாளர்
லேபல் ஏன் முக்கியம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். வீட்டுக்கோ தோட்டத்துக்கோ அடிக்கும் ஓர்கனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்தில் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் கொட்டும். அதற்கு அற்றோப்பின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நம் நாட்டு ஊசிக்குப்பி 0.6 மில்லிகிராம், நெஞ்சுச் சளி ஒலி அடங்கும்வரை டொக்டர் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அளவை இரட்டிப்பாக்குவார். பொஸ்பீனுக்கு மாற்று மருந்தே கிடையாது. பெயர் ஒரேமாதிரிக் கேட்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே ஒட்சிசன், இரத்த அழுத்தம், ஈசிஜி, தேவைப்பட்டால் மூச்சு இயந்திரம், அவ்வளவுதான். எது என்று சந்தேகம் வந்தால் கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தை டொக்டர்மார் கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி – புறக்கோட்டை ஸ்டோர்
நன்றி. வெளியே வந்து பத்து நிமிடத்தில் "சுகமாயிட்டன்" என்று எழும்பினால் வீட்டுக்கு விடலாமா?

பதில் – அவசரப் பிரிவுத் தாதி
விடவே கூடாது அண்ணே. காதில் இரைச்சல், ஓங்காளம், நெஞ்சை அமுக்குவது போன்ற உணர்வு எல்லாம் நல்ல காற்றில் குறையத்தான் செய்யும், அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். நுரையீரலில் நீர் கோப்பது மணித்தியாலங்கள் கழித்தும் வரலாம், 72 மணித்தியாலம் வரை கவனம் வேண்டும். ஒட்சிசன் அளக்க விரலில் மாட்டும் கருவி 98 காட்டினாலும் ஈசிஜி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பதில் – புகையூட்டல்
மேல்மாடி விசயம் விடுபட்டுப் போச்சு. இந்த வாயு பலகைத்தளம், சுவர் வெடிப்பு, குழாய்த் துவாரம் எல்லாவற்றாலும் ஏறும். கீழே ஒருவர் விழுந்தால் மேலே உள்ளவர்களையும் உடனே இறக்குங்கள், ஸ்டோருக்குள்ளால் போகும் படியால் அல்ல. பிள்ளைக்கு ஒரு தடவை சத்தி, தலையிடி என்றாலும் பொறளை ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாயு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். மேலே ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில் அந்த மாத்திரையே வைக்கக்கூடாது என்பதுதான் என் முடிவு. அடுத்த தடவை ஆட்கள் வரும்போது இதை முதலில் கதையுங்கள்.