போல்கொடின் இருமல் பாணியும் மயக்க மருந்தும்

கேள்வி (உப்புவெளி, 2023 ஆனி)
கடந்த மார்கழியில் இலண்டனிலிருந்து வந்த தமையனார் கொண்டுவந்த போல்கொடின் பாணியை அம்மா ஒரு போத்தல் முழுவதும் குடித்து முடித்தார். இப்போது அவருக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்திருக்கிறார்கள். அந்த மருந்தைப் பிரித்தானியாவில் மீளப்பெற்றுவிட்டார்கள் என்றும், மயக்க மருந்தோடு அதற்குத் தொடர்புண்டு என்றும் அண்ணி தொலைபேசியில் சொன்னார். ஆறு மாதம் கழிந்த பின்னும் இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டுமா? இருமலும் இன்னும் நின்றபாடில்லை.

பதில் (ஓய்வுபெற்ற மருந்தாளர், தம்பலகாமம்)
கட்டாயம் சொல்லுங்கள், தம்பி. போல்கொடின், கோடீனைப் போன்ற ஓப்பியாயிட் (அபின் சார்ந்த) வகை மருந்து. அதைக் குடித்த சிலருடைய உடலில் அதற்கெதிரான ஐஜிஈ எனும், ஒவ்வாமையைத் தூண்டும் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. முழு மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்த ஏற்றும் சக்சமெத்தோனியம், ரொக்குரோனியம் போன்றவற்றின் மூலக்கூறிலும் அதையொத்த ஒரு பகுதி இருப்பதால், அவற்றின் மீதும் அப்பிறபொருளெதிரிகள் பாய்ந்து, குருதியமுக்கம் சடுதியாக விழுந்து மூச்சுக்குழாய் சுருங்கும் கடும் ஒவ்வாமை நேரலாம். நோர்வே 2007 இலேயே விற்பனையை நிறுத்திவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முந்திய 12 மாதங்களுக்குள் குடித்தவர்களுக்கு அபாயம் கூடுவதைப் பிரான்சின் அல்போ ஆய்வு காட்டிய பின்னர், ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2022 டிசம்பரில் இம்மருந்தை விலக்கப் பரிந்துரைத்தது. பிரித்தானியா இவ்வாண்டு மார்ச்சில் மீளப்பெற்றது. ஆகவே ஆறு மாதம் என்பது கழிந்த கணக்கல்ல.

பதில் (சத்திரசிகிச்சைக்கூடத் தாதி)
இவ்வொவ்வாமை மிக அரிது. திகதியை நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளர் விடுதியில் சொன்னதோடு நின்றுவிடாமல், மயக்கம் கொடுக்கும் வைத்தியரிடமே நேரில் சொல்லி, வெற்றுப் போத்தல் இருந்தால் காட்டுங்கள். முழு மயக்கத்துக்குப் பதிலாக முதுகில் விறைப்பூசி போட்டுச் செய்யலாமா என்பதை அவர் தீர்மானிப்பார். "வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா?" என்று நாங்கள் கேட்டால், பாணியை எவரும் மருந்தாகவே எண்ணுவதில்லை.

பதில் (நிலாவெளி)
ஆறு மாத இருமலுக்கு இன்னொரு பாணி தேடுவதைவிடக் காரணத்தைத் தேடுவதே முறை. மூன்று வாரம் கடந்தாலே சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். அம்மா பிரஷருக்கு எனலாபிரில் குடிக்கிறாரா? அதுவே வறட்டு இருமலைத் தரும்.

கேள்வி கேட்டவர்
ஆம், எனலாபிரில் குடிக்கிறார். கிளினிக் கொப்பியையும் போத்தலையும் சேர்த்தே கொண்டு செல்கிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற மருந்தாளர்)
நல்லது. ஆனால் வைத்தியர் மாற்றித் தரும்வரை அக்குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.