பள்ளிச் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வழி சொல்லுங்கள்

மும்பை நண்பர்களுக்கு வணக்கம். தாராவிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர். எங்கள் வாட்ஸ்அப் குழுவைச் சீர்செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கே விடுமுறைச் செய்தி வந்துவிட்டது. ஆனால் மராத்தியில், அதுவும் ரோஜாப்பூ 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவில். பக்கத்து வீட்டு அக்கா முழங்கால் தண்ணீரில் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் கணவரிடம். அவரோ இரவு ஷிஃப்டில்.

அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றலாம், சரி. ஆனால் சந்தேகம் கேட்க வேண்டியவர் எங்கே கேட்பார்? ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் போட்டுப் பார்த்தோம். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போகிறது. பாதிப் பேர் சேமிக்கவில்லை. வாட்ஸ்அப் சேனல், அதாவது நாம் பதிவிட மற்றவர்கள் பின்தொடர்ந்து படிக்கும் பக்கம், என்றால் பெற்றோரின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அம்மாக்கள் பலர் கேட்பதும் அதைத்தான். யாராவது பள்ளிக்கு நடத்திப் பார்த்திருக்கிறீர்களா?

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்காகத் தமிழில் அரை நிமிடக் குரல் பதிவு அனுப்பலாமா என்றும் யோசனை. ஸ்மார்ட்போனே இல்லாத வீடுகளுக்கு எஸ்எம்எஸ்ஸா, தானியங்கி அழைப்பா? செலவு எவ்வளவு ஆகும்?

மும்பை மாநகராட்சி தமிழோடு சேர்த்து எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறதே, கன்னட, தெலுங்குப் பள்ளிப் பெற்றோரைத் தெரிந்தவர்கள் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஜூனில் பள்ளி திறக்குமுன் முடிவு செய்ய வேண்டும்.