நாயின் மலவாசல் ஓரத்தில் கட்டி, அவசரம்

நிலாவெளி வாசி:
எங்கள் நாய்க்கு மலவாசல் ஓரத்தில் கட்டி. திருகோணமலை டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினோம். சீழ் என்று சொல்லி ஊசி போட்டு மாத்திரை தந்தார். வற்றவில்லை. எந்நேரமும் பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது. என்ன மருந்து வாங்கலாம்? பார்மசி பூட்டுவதற்குள் சொல்லுங்கள்.

சல்லிக்கரை:
பூச்சி. வேறொன்றும் இல்லை. பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள்.

உவர்மலை அக்கா:
வயது என்ன? கடுவனா, பெட்டையா? காயடித்ததா? கட்டி தோலின் மேலா, உள்ளேயா? இவை தெரியாமல் மருந்து சொல்ல முடியாது, தம்பி.

நிலாவெளி வாசி:
கடுவன். ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு. இடப்பக்கம், தோலுக்கு உள்ளே.

பழைய மாலுமி:
இதை இங்கே எத்தனை தடவை எழுதிவிட்டேன்! தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கிழட்டுக் கடுவனுக்கு அந்த இடத்தில் வருவது ஆண் ஹோர்மோனால் வளரும் சாதாரணக் கட்டி. காயடித்தால் தானாகச் சுருங்கும். இதற்கு ‘அவசரம்’ என்று தலைப்பு வேறு.

உவர்மலை அக்கா:
மாலுமி அண்ணா, காயடித்ததா என்பதற்கு அவர் இன்னும் பதிலே சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் கட்டி பெரும்பாலும் மலவாசலைச் சுற்றிய மயிரற்ற தோலில் வரும். இவர் சொல்வது உள்ளே. மலவாசலைக் கடிகார முகமாக வைத்தால் 4 மணி, 8 மணி இருக்கும் இடங்களில் இரண்டு சிறு பைகள் உண்டு. அங்கே வரும் புற்றுநோய் கடுவன், பெட்டை பார்ப்பதில்லை. தம்பி, நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா?

நிலாவெளி வாசி:
குடிக்கிறது, வாளி வாளியாக. இந்த வெயிலுக்கு யார்தான் குடிக்கமாட்டார்கள்? காயடித்துக் கன காலம். வயது பத்து. மலம் நாடா போலத் தட்டையாக வருகிறது, அதுவும் முக்கியமா?

உவர்மலை அக்கா:
அதுதான் முக்கியம்! இந்தக் கட்டிகளில் சில, இரத்தத்தில் கல்சியத்தைக் கூட்டும் ஒரு பொருளைச் சுரக்கும். அதனால்தான் அடங்காத தாகமும் நிறையச் சிறுநீரும். அப்படியே விட்டால் சிறுநீரகம் பழுதாகும். தட்டையான மலத்துக்குக் கட்டியே காரணமாகலாம். அல்லது நோய் இடுப்பெலும்புக்கு அருகே உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவி, அவை வீங்கிக் குடலை நெருக்கலாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே அங்கே பரவியிருப்பதும் உண்டு.

புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் கையுறை போட்டு விரலை விட்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்க்கட்டும். மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கல்சியத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம், வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு எக்ஸ்ரே. அதுவரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுக்க வேண்டாம். அது கல்சியத்தைக் குறைத்து, வேறு வகைப் புற்றுநோயையும் மறைத்துவிடும். கட்டியைப் பிதுக்கவும் வேண்டாம்.

சல்லிக்கரை:
பத்து வயது நாயை ஏன் வெட்டிக் கிழிக்க வேண்டும்? நிம்மதியாக இருக்க விடுங்கள்.

உவர்மலை அக்கா:
எந்த நேரமும் முக்கிக்கொண்டிருப்பதா நிம்மதி? பையோடு கட்டியையும், வீங்கிய முடிச்சுகளையும் எடுத்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக வாழும் நாய்கள் நிறைய. கட்டி 2.5 சென்ரிமீற்றருக்குள் இருந்து, பரவாமலும் இருந்தால் இன்னும் நல்லது. தேவையென்றால் பிறகு காபோபிளாற்றின் போன்ற புற்றுநோய் மருந்து. கல்சியம் கூடியிருந்தால் முதலில் சேலைன் ஏற்றி அதை இறக்க வேண்டும், மயக்க மருந்து அதற்குப் பிறகுதான். கண்டிக்கு அருகே உள்ள பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு அனுப்பும்படி வைத்தியரிடமே கேளுங்கள்.

தம்பலகாமம்:
பேராதனைக்கு ரயிலில் போகலாமே.

பழைய மாலுமி:
திருகோணமலை ரயில் கல்ஓயா, மாகோ வழியாகக் கொழும்புப் பக்கம் போவது. பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். நோயாளி நாயோடு மேடையில் நிற்பதா? வான் பிடித்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை.

தம்பலகாமம்:
வான் கூலி யார் கொடுப்பது, நீங்களா?

பழைய மாலுமி:
வழி கேட்டால் வழி சொல்வேன். கூலி வேறு இழையில் கேளுங்கள்.

கிண்ணியா ராத்தா:
எங்கள் பூனைக்கும் அதே இடத்தில் ஆறாத புண். அதுவும் இதுவா?

உவர்மலை அக்கா:
பூனைக்கு அரிது, ராத்தா. ஆனால் வரும்போது புண்ணாக உடைந்து சீழ்க்கட்டி என்றே ஏமாற்றும். மாத்திரைக்கு ஆறவில்லையென்றால் அந்தப் புண்ணிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நிலாவெளி வாசி:
கல்சியம் கூடுதல். சேலைன் ஏறுகிறது. ஊசியால் எடுத்த செல் பரிசோதனை முடிவு வரவில்லை. நாளை வான்.

உவர்மலை அக்கா:
இரத்த ரிப்போர்ட்டின் பிரதியைக் கையில் கொண்டுபோங்கள். முந்திப் போட்ட ஊசியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சல்லிக்கரை:
பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா, இல்லையா?