ஓடி வராத மருந்துப் பைக்காரர்

மண்டபத்துக்காரன்:
நான்கு வருடமாகிறது, இன்னும் உறுத்துகிறது. கருவாட்டுக் கொட்டகைக்குள் ஒருவன் அரிவாளோடு புகுந்து மனைவியை மடக்கி வைத்திருந்தான். தடுக்கப்போன என் மச்சானுக்குத் தொடையில் வெட்டு, வாசலிலேயே கிடந்தான். போலீஸ் அதிரடிக் குழு வந்தது. ஒருவர் முதுகில் மருந்துப் பை. ஓடிப்போய்த் தூக்குவார் என்று பார்த்தால், ஐஸ் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டுக்கொண்டு கத்துகிறார்: "தம்பி, சாரத்தைக் கிழித்துக் காயத்துக்குள் திணி! இரண்டு கையாலும் அமுக்கு! முடிந்தால் என் பக்கம் உருண்டு வா!" இருபதடி தூரம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மணலை அள்ளி அவர் முகத்தில் எறிந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் "அமுக்கு தம்பி" என்றார்.

உள்ளே அவனைப் பிடித்த சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவர் அவர்தான். தொடையில் ரத்தத்தை நிறுத்தும் பட்டையை மாட்டி, அதிலிருந்த கம்பை முறுக்கி இறுக்கினார். மச்சானின் அலறல் பாம்பன் வரை கேட்டிருக்கும். அவன் நெற்றியில் மார்க்கர் பேனாவால் மணி 4.20 என்று எழுதினார். பிறகு அரிவாள்காரனின் கைக்கும் கட்டுப் போட்டார்! மச்சான் இப்போது கடலுக்குப் போகிறான்.

தொண்டி முன்னாள் சிப்பாய்:
ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்ட்டாக இருந்தவன் நான். அவர் ஓடியிருந்தால் வாசலில் இரண்டு பேர் கிடந்திருப்பார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் 1996-இல் எழுதிய முறை இது; அங்கே போலீஸ் குழுக்களும் பிறகு எடுத்துக்கொண்டன. ஆபத்து ஓயும்வரை ரத்தத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. வெட்டியவனுக்குக் கட்டுப் போட்டதற்கு எதற்கு ஆச்சரியக்குறி? பிடிபட்ட பிறகு அவனும் நோயாளிதான். காஷ்மீரில் ஒருமுறை நானும் பதறி ஓடப்போனேன். சுபேதார் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார். இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

கீழக்கரை செவிலி:
சிப்பாய் அண்ணன் எல்லாம் சொன்னார், நெற்றியில் எழுதிய நேரத்தை விட்டுவிட்டார். அது கட்டை இறுக்கிய நேரம். படகில் கை நசுங்கிய ஒருவரை வலைக் கயிற்றால் இறுக்கிக் கொண்டுவந்தார்கள். எப்போது கட்டியது என்றால் மூன்று பேர் மூன்று நேரம் சொன்னார்கள். அந்த முழியை நான் மறக்கவில்லை.

கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கை காலில் அதற்கும் ரத்தம் நிற்காவிட்டால்தான் கட்டு. கயிறு, கம்பி வேண்டாம். மூன்று விரல் அகலத் துணி. காயத்துக்கு மேலே, மூட்டின்மீது படாமல் கட்டி, குச்சி செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலிக்கிறதே என்று அரைகுறையாக இறுக்கினால் ரத்தம் கூடத்தான் செய்யும். நடுவழியில் அவிழ்த்துப் பார்க்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர வேண்டும். காப்பித்தூள் அப்பிக்கொண்டு வருபவர்களை என்ன சொல்வது!

மண்டபத்துக்காரன்:
அக்கா, கட்டுப் போடும் முறையை நான் கேட்கவில்லை. கண் சிவந்துபோய்த்தான் அவர் வண்டி ஏறினார். அந்தக் குழுவில் யாரையாவது தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், மணல் எறிந்தவன் விசாரித்தான் என்று சொல்லுங்கள்.