ஆற்றில் கிடந்த உடல்: 'டயட்டம் இல்லை' என்றால் மூழ்கிச் சாகவில்லை என்று அர்த்தமா?

மன்னார்குடி ஜூனியர்:
இங்கே கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். பாமணியாற்றில் ஒதுங்கிய உடல் ஒன்றின் லேப் ரிப்போர்ட்டில், தொடை எலும்பு மஜ்ஜையில் டயட்டம் இல்லை என்று இருக்கிறது. கொன்றுதான் ஆற்றில் போட்டார்கள் என்கிறது குடும்பம். இந்த ஒரு வரியை வைத்து வாதாடலாமா?

தஞ்சாவூர் ரிட்டயர்டு:
கூடாதும்மா. தடய அறிவியல் லேபில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். டயட்டம் கண்ணுக்குத் தெரியாத பாசி. அதன் ஓடு சிலிக்கா. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை இழுக்கும்போது அது நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து மஜ்ஜை வரை போகும். இறந்த பிறகு போட்ட உடலில் நுரையீரலுக்குள் தண்ணீர் புகலாம், ஆனால் மஜ்ஜைக்குக் கொண்டுபோக ரத்த ஓட்டம் இல்லை. மஜ்ஜையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் ஓடு மட்டும் மிஞ்சும். அதைத்தான் மைக்ரோஸ்கோப்பில் தேடுவோம்.

ஆனால் தேடிக் கிடைக்கவில்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது. தண்ணீரிலேயே டயட்டம் குறைவாக இருந்திருக்கலாம், ஆள் சட்டென்று இறந்திருக்கலாம். உடலை எடுத்த இடத்தில், அன்றே தண்ணீர் சாம்பிள் பிடித்தார்களா? மேட்டூர் திறந்து வரும் புதுத்தண்ணீரும் கோடையில் மடுவில் தேங்கியதும் ஒன்றல்ல. சாம்பிள் இல்லாமல் வெறும் எலும்பு மட்டும் வந்து சேர்ந்த பார்சல்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

நீடாமங்கலம் விவசாயி:
வெண்ணாறு எங்கள் ஊர் மூணாறு தலைப்பு மதகில்தான் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. விழுந்த இடத்திலேயே உடல் ஒதுங்காது. அந்த வாரம் ஷட்டர் எவ்வளவு திறந்திருந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூர் ரிட்டயர்டு:
சரியாகச் சொன்னீர்கள். குளத்தில் அமுக்கிக் கொன்றுவிட்டு ஆற்றில் போட்டிருந்தால், மஜ்ஜையில் குளத்து டயட்டம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நம் ஆறு, வாய்க்கால், குளம் எல்லாவற்றுக்கும் மாதவாரி டயட்டம் பட்டியல் வேண்டும். டெல்டா கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் இதை ஆராய்ச்சியாக எடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஆற்றில் கிடைக்கும் உடல் முதலில் அதே சட்டத்தின் 194-ஆவது பிரிவில் சந்தேக மரணமாகத்தான் பதிவாகிறது. அந்தக் கட்டத்தில் 176(3) கட்டாயப்படுத்தாது. தடயம் கரைவது அப்போதுதான்.

மன்னார்குடி ஜூனியர்:
சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய மகஜரைப் பார்த்தேன் ஐயா. தண்ணீர் சாம்பிள் பற்றி ஒரு வரியும் இல்லை.

தஞ்சாவூர் ரிட்டயர்டு:
அப்படியானால் டயட்டத்தை விட்டுவிடுங்கள். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் கழுத்து எலும்பு, தலைக்காயம், மூக்கு வாயில் நுரை பற்றி என்ன இருக்கிறது? அதை எழுதுங்கள், பார்ப்போம்.